அவசரமில்லாத பால்கனி

ஹைதராபாத் லோத்குண்டாவில் தியாகு குடியிருக்கும் வீட்டில் ஒரு பால்கனி இருக்கிறது. வாடகை ஒப்பந்தத்தில் அப்படித்தான் போட்டிருக்கிறது.

வீடு பார்க்க வந்த அன்று புரோக்கர் அந்தக் கதவைத் திறந்து, எதிரே இருந்த ராணுவத்து நிலத்தையும் அதில் நின்ற வேப்பமரங்களையும் காட்டினார். இந்த மரத்தை யாரும் வெட்ட மாட்டார்கள், இந்த இடத்தில் யாரும் அபார்ட்மென்ட் எழுப்ப மாட்டார்கள், இங்கே அடிப்பது மத்திய அரசின் காற்று என்று உத்தரவாதம் கொடுத்தார். தியாகு அங்கேயே விழுந்துவிட்டான். ஈரோட்டில் சாயப்பட்டறைச் சுவரைப் பார்த்து வளர்ந்தவன். ஹைதராபாத்துக்கு வந்து கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து நரைத்தவன். காலையில் அந்தப் பால்கனியில் ஒரு நாற்காலி போட்டு, காபி டம்ளரோடு உட்கார்ந்து, மரத்தைப் பார்ப்பது என்று முடிவு செய்தான். நாற்பத்தைந்து வயதில் ஒரு மனிதன் ஆசைப்படக்கூடாத அளவுக்குப் பெரிய ஆசை அல்ல. ஒரு நாற்காலி, ஒரு டம்ளர், ஒரு மரம்.

குடிவந்த பிறகு அந்த மரத்தை அவன் பார்க்கவே இல்லை. அவனுக்கும் மரத்துக்கும் நடுவில் அவன் மனைவி சுமதியின் சாமான்கள் வந்துவிட்டன.

சுமதி உடுமலைப்பேட்டைக்காரி. அவளுக்கு ஒரே ஒரு கொள்கை. "எதுக்காச்சும் ஆகுமுங்க." உலகத்தில் எந்தப் பொருளும் வீணாவதில்லை, வேறு இடத்துக்கு மாற்றலாகிறது, அவ்வளவுதான் என்பது அவள் கட்சி. அரசாங்க உத்தியோகத்தில்கூட ஒருநாள் ஓய்வு கொடுத்து மாலை போட்டு வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். சுமதியின் வீட்டில் அந்த வசதி எந்தப் பொருளுக்கும் கிடையாது.

தியாகுவின் பனியனை எடுத்துக்கொள்வோம். வாங்கிய புதிதில் அது சட்டைக்குள் ஆபீஸ் போகும். கக்கத்தில் கிழிந்ததும் வீட்டோடு நிற்கும். இன்னும் கொஞ்சம் கிழிந்ததும், அவனிடம் ஒரு வார்த்தை கேட்காமல், டீவி துடைக்கப் போய்விடும். டீவியிலிருந்து பைக்குக்கு, பைக்கிலிருந்து அடுப்படிக்குக் கரித்துணியாக, அடுப்படியிலிருந்து ஒழுகும் குழாயின் கழுத்துக்குக் கட்டாக, கடைசியில் கீற்றுக் கீற்றாகக் கிழிபட்டுத் தக்காளிச் செடியைக் குச்சியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நிற்கும். தக்காளி காய்த்த நாளில் எல்லோரும் காயைப் பார்த்தார்கள். தியாகு மட்டும் கட்டைப் பார்த்தான். அது போன தீபாவளிக்கு முந்தைய தீபாவளிக்கு எடுத்தது.

இதில் தியாகுவுக்குப் பெரிய சங்கடம் என்னவென்றால், சுமதி செய்வதெல்லாம் உருப்படியாக வேலை செய்தது. அடி உருண்ட கடாயைத் தளர்ந்துபோன குக்கர் ரப்பர் வளையத்தின் மேல் வைத்தால் ஆடாமல் நின்றது. தேய்ந்த பல்துலக்கியின் வால் ஓட்டையில் நாடாவைக் கட்டி இழுத்தால், பாவாடைக்குள் அது ரயில் மாதிரி போய் மறுபக்கம் வந்தது. ஷாம்பூ பாட்டிலைப் பாதியாக வெட்டிச் சுவிட்சுக்குப் பக்கத்தில் மாட்டினால் செல்போன் அதில் சமர்த்தாகப் படுத்துச் சார்ஜ் ஏற்றிக்கொண்டது. ஏதாவது ஒன்று சொதப்பினால் சண்டை போடலாம். சொதப்பாத பெண்சாதியோடு எப்படிச் சண்டை போடுவது?

ஒன்றே ஒன்று கொஞ்சம் பிசகியது. அவர்கள் மகள் அக்ஷதா ஒன்பதாவது படிக்கிறாள். அவளுக்கு அப்பாவின் பழைய பேண்ட்டில் சுமதி ஒரு பை தைத்துக் கொடுத்தாள். கெட்டியான துணி, நல்ல தையல், முன்பக்கம் ஒரு ஜிப். அந்த ஜிப் பேண்ட்டில் எந்த இடத்து ஜிப் என்பது பள்ளியில் பார்த்தவர்களுக்கெல்லாம் பார்த்த உடனே தெரிந்தது. அக்ஷதா அதிலிருந்து பென்சில் எடுக்கும்போதெல்லாம் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. அவள் வீட்டில் வந்து இங்கிலீஷில் அழுதாள். சுமதி ஜிப் நன்றாக ஓடுகிறதா என்று கேட்டாள். ஓடியது.

வேலை கிடைக்காத பொருள்கள் பால்கனியில் காத்திருந்தன. சக்கரம் போன சூட்கேஸ், சூட்கேஸ் போன சக்கரங்கள், துணி போன குடைக்கம்பிகள், கம்பி போன குடைத்துணி, காது உடைந்த மிக்ஸி ஜார்கள், பெயின்ட் வாளிகள், கிழிந்த கொசுவலை, சுற்றுவதை நிறுத்திய டேபிள் ஃபேன். முதலில் தரையில் இருந்தன. பிறகு ஒன்றின் மேல் ஒன்று ஏறின. பிறகு கதவு திறப்பது நின்றது. ஒருக்களித்துக் கையை மட்டும் உள்ளே விட்டு எடுக்கலாம். தியாகு ஒருமுறை அந்த இடுக்கில் கண்ணை வைத்துப் பார்த்தான். சூட்கேஸுக்கும் வாளிக்கும் நடுவில் பச்சையாக ஏதோ தெரிந்தது. மரம் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டான். பழைய குளியல் மக்.

பழைய சாமான் எடுக்கும் கபாடி வண்டிக்காரர் ஒருநாள் மாடிக்கு வந்தார். தியாகுதான் கெஞ்சிக் கூட்டி வந்தான். அவர் குடைக்கம்பியைச் சுட்டி, இது எதற்கு என்னும் பொருளில் "யே கைக்கு?" என்று கேட்டார். இந்த ஊரில் 'கைக்கு' என்றால் 'எதற்கு' என்று சுமதிக்கு அப்போது தெரியாது. தமிழில் கேட்கிறார் போலிருக்கிறது என்று எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அடுத்ததைக் காட்டி மறுபடி 'கைக்கு' என்றார். அதையும் கொடுத்தாள். இரண்டு கையும் நிறைந்த பிறகு அவர் தியாகுவைப் பார்த்து, "நக்கோ சாப்" என்று மறுத்து, எல்லாவற்றையும் பூப்போல இறக்கி வைத்துவிட்டுப் போனார். பழைய சாமான் வாங்குவதையே பிழைப்பாகக் கொண்டவர் வேண்டாம் என்று போவதைத் தியாகு அன்றுதான் பார்த்தான்.

ஆனாலும் ஒரு வழி திறந்திருந்தது. கீழ் வீடு.

கீழே வீட்டுச் சொந்தக்காரர் அனசூயம்மா தனியாக இருக்கிறார். மகன் யோகேஷ் புனேயில் வேலை. அனசூயம்மாவுக்கு முழங்கால் வலியும் நல்ல மனசும் உண்டு. யாரையும் முகத்துக்கு நேராக மறுத்துப் பேசத் தெரியாதவர். அதனால் அவருக்கு வாழ்க்கையில் பல நஷ்டங்கள் வந்திருக்கின்றன. சமீபத்தியது சுமதி.

இங்கே ஒரு வார்த்தையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். தெலுங்கில் 'அவசரம்' என்றால் தேவை. 'அவசரம் லேது' என்றால் தேவையில்லை, வேண்டாம், தயவுசெய்து விட்டுவிடு என்று அர்த்தம். அதையே தமிழ்க் காதில் விட்டால், ஒன்றும் அவசரமில்லை, நிதானமாகக் கொண்டு வா என்று கேட்கும். சுமதி கீழே போய், ஆண்ட்டி, உங்களுக்கு ஒரு தலையணை உறை தைத்துத் தருகிறேன் என்று கையால் தைத்துக் காட்டினாள். அனசூயம்மா பதறிப்போய் "அவசரம் லேதம்மா" என்றார். என்ன குணம் பாருங்கள், ஒரு பொருளுக்கும் பறப்பதில்லை என்று சுமதி உருகினாள். நிதானமாக, ஓரத்தில் பூ வேலையெல்லாம் வைத்துத் தைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுத்து கால்மிதி. அடுத்து, ஸ்கூட்டர் டயரில் பழைய சேலை சுற்றிய மோடா. ஒவ்வொரு தடவையும் அனசூயம்மா அந்த இரண்டு வார்த்தையைத்தான் சொன்னார். ஒவ்வொரு தடவையும் சுமதி இன்னும் நிதானமாக, இன்னும் பெரிதாகச் செய்தாள்.

தியாகுவுக்கு அந்த வார்த்தையின் அர்த்தம் தெரியும். முதுகெலும்பைக் கொடுத்துக் கற்றுக்கொண்டது. இந்த ஊர் ஆபீஸில் சேர்ந்த புதிதில், உங்களுக்கு வேறு நாற்காலி வேண்டுமா என்று மேனேஜர் தெலுங்கில் கேட்டார். தியாகு, அவரோடு சிநேகமாகட்டும் என்று, தெரிந்த தெலுங்கைத் திரட்டி "அவசரம் லேது சார்" என்றான். மெதுவாகக் கொடுங்கள் என்று சொன்னதாக நினைப்பு. இன்றுவரை அவன் அந்த ஆடும் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறான். பிறகு ஒரு நண்பன் விளக்கிச் சொன்னபோது, போய் மாற்றிச் சொல்ல வெட்கமாகிவிட்டது.

தெரிந்ததை சுமதியிடம் அவன் ஏன் சொல்லவில்லை? கீழே போகும் ஒவ்வொரு பொருளும் மேலிருந்துதானே போகிறது.

இப்படி இருக்கும்போது யோகேஷுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. வெள்ளையடிக்கிற ஆட்கள் வந்து மாடிப்படியை அளந்துவிட்டுப் போனார்கள். சுமதி அதைப் பார்த்தாள். மகனும் மருமகளும் வந்தால் மாடி வீடு வேண்டியிருக்கும், நம்மைக் கிளப்பத்தான் அளக்கிறார்கள் என்று கணக்குப் போட்டாள். கீழே இறங்கிப் போனாள். தன் தெலுங்கில், நாங்கள் வீட்டைக் காலி செய்ய வேண்டுமா என்று கேட்டாள். அனசூயம்மா என்ன சொல்லியிருப்பார் என்று உங்களுக்கே தெரியும்.

சாயங்காலம் தியாகு ஆபீஸிலிருந்து வந்து ஷூவைக் கழற்றுவதற்குள் அவள் எதிரே வந்து நின்றாள்.

"ஏனுங், ஓனரம்மாகிட்டக் கேட்டுப்போட்டு வந்தனுங்க. அவசரம் லேதம்மான்னு சொல்லிப்போட்டாங்க."

"அப்படியா?" என்றான் தியாகு. நிம்மதி வந்தது. காலி செய்யத் தேவையில்லை.

"பாவமுங்க. காலி பண்ணுங்கன்னு மூஞ்சிக்கு நேராச் சொல்ல அவங்களுக்கு மனசு வரல. அவசரமில்ல, மெதுவாப் போங்கங்கறாங்க."

தியாகு வாயைத் திறந்தான். சொல்லத்தான் திறந்தான், அதில் சந்தேகம் வேண்டாம். அதற்குள் சுமதி பால்கனிக் கதவைப் பார்த்து ஒரு பெருமூச்சு விட்டாள்.

"அடுத்த ஊட்ல இத்தனாம்பெரிய பால்கனி நமக்குச் சிக்காதுங்க. கெளம்பறதுக்குள்ள இதையெல்லாம் ஒழிச்சுப்போடோணும்."

தியாகு திறந்த வாயைக் கொட்டாவியாக மாற்றி மூடினான்.

சோபாவில் படுத்துப் படித்துக்கொண்டிருந்த அக்ஷதா மெதுவாகப் புத்தகத்தைக் கீழே இறக்கி அப்பாவைப் பார்த்தாள். பள்ளியில் அவளுக்குத் தெலுங்கு இரண்டாம் மொழி. இந்த வார்த்தை அவளுக்கு ஒன்றாம் வகுப்பிலேயே வந்துவிட்டது. தியாகு அவளைச் சமையலறைக்குள் தள்ளிக்கொண்டு போனான். அங்கே அப்பாவும் மகளும் ஒரு உடன்படிக்கைக்கு வந்தார்கள். மறுநாள் அவளுக்குக் கடையிலிருந்து ஒரு பை வரும், ஜிப் யாருடைய பேண்ட்டிலிருந்தும் வந்திருக்கக்கூடாது. பதிலுக்கு அவளுக்குத் தெலுங்கு தெரியாது.

அதற்குப் பிறகு வந்த நாட்களைத் தியாகு ஆயுளுக்கும் மறக்கமாட்டான்.

சுமதி எதையும் குப்பையில் போடவில்லை. போட அவளால் முடியாது. ஒவ்வொன்றையும் எடுத்துத் துடைத்து, எதற்காக வைத்திருந்தோம் என்று ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்து, கல்யாணம் பண்ணி அனுப்புகிற பெண்ணைப்போல ஒரு தட்டுத் தட்டிக் கீழே கொண்டுபோனாள். அனசூயம்மா வாசலில் நின்று, "எந்துகம்மா இவன்னீ? அவசரம் லேது" என்பார், இதெல்லாம் எதற்கம்மா என்று. சுமதி "பர்வாலேது ஆண்ட்டி, மெல்லகா, மெல்லகா" என்று ஆறுதல் சொல்லி இறக்கி வைப்பாள். மெதுவாக, ஆற அமர உபயோகித்துக்கொள்ளுங்கள் என்று அவள் எண்ணம். வாளி கீழே போனது. சூட்கேஸ் போனது, சக்கரங்களும் போயின. குடைகள் கம்பியும் துணியுமாகத் தனித்தனியே போயின.

மேலே வெளிச்சம் வர ஆரம்பித்தது. ஹாலின் சுவருக்கு இளமஞ்சள் அடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்தது. பால்கனிக் கதவு பாதி திறந்தது. பிறகு முழுக்கத் திறந்தது. ஒரு புறா வந்து கம்பியில் உட்கார்ந்து, இப்படி ஒரு இடம் இருப்பதே தெரியாமல் போயிற்றே என்ற மாதிரி உள்ளே பார்த்தது. தியாகு சைனிக்புரிப் பக்கம் போய், கைவைத்த ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கி வந்தான். புதிய வீட்டுக்கு ஆகும் என்று சுமதியிடம் சொன்னான். பொய் ஒன்று தொடங்கினால் அதற்கும் சாமான் வாங்க வேண்டியிருக்கிறது.

மறுநாள் காலை அவன் உட்கார்ந்தான். காபி இருந்தது. மரம் இருந்தது. ஒன்றல்ல, வரிசையாக. மத்திய அரசின் காற்று அடித்தது. ராணுவத்துக்காரர் ஒருவர் அரை டிராயரோடு ஓடினார். தியாகு உட்கார்ந்தபடியே அவரைப் பாராட்டினான். வாழ்க்கையில் இதற்கு மேல் என்ன இருக்கிறது என்று நினைத்தான். கீழே மட்டும் அவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால், அனசூயம்மா தன் வீட்டு முற்றத்தில் மிக்ஸி ஜார்களுக்கு நடுவே வழி கண்டுபிடித்துத் துளசிக்குத் தண்ணீர் விடப் போவது தெரிந்திருக்கும்.

சுமதி தனக்கும் ஒரு டம்ளர் எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் நின்றாள். காலியான மூலையைப் பார்த்தாள்.

"நல்ல ஊடுங்க இது," என்றாள். "உட்டுப்போட்டுப் போறதுக்கு ஒரு மாதிரியா இருக்குது."

தியாகு டம்ளரைக் கீழே வைத்தான். சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தான். நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தான். அவசரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவன் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும்போது வாசல் மணி அடித்தது. அக்ஷதா கதவைத் திறந்தாள். ஒரு இளம் தம்பதியும், அவர்களுக்கு முன்னால் புரோக்கரும் நின்றார்கள். அதே புரோக்கர். டு-லெட் போர்டு பார்த்து வந்திருக்கிறோம், வீடு பார்க்கலாமா என்றார்கள்.

எந்த போர்டு என்று கேட்டபடியே தியாகு பால்கனியிலிருந்து எட்டிக் கீழே பார்த்தான். கேட்டில் ஒரு போர்டு தொங்கியது. சுமதி பழைய காலண்டர் அட்டைக்குத் துணி தைத்து அனசூயம்மாவுக்குக் கொடுத்த கடிதம் செருகும் பை அது. அதன் பின்பக்கத்தில் சாக்பீஸால் 'டு-லெட்' என்று எழுதியிருந்தது. துணி எது என்று அவனுக்குப் பார்த்ததும் தெரிந்தது. அவனுடைய பழுப்பு ஆபீஸ் பேண்ட். தன் வீடு வாடகைக்கு விடப்படும் செய்தியைத் தன் பேண்ட்டின் மேலேயே படிக்கும் பாக்கியம் எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

வந்தவர்கள் அறைகளைச் சும்மா பார்த்தார்கள். பால்கனிக்கு வந்ததும் நின்றுவிட்டார்கள். அந்தப் பெண் இரண்டு கையையும் விரித்து மூச்சை இழுத்தாள். புரோக்கர் மரத்தைக் காட்டி, யாரும் வெட்ட மாட்டார்கள் என்று ஆரம்பித்தார். அவள் கணவன் தியாகுவின் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்தான். இங்கே காலையில் காபி குடித்தால் எப்படி இருக்கும் என்று அவளிடம் சொன்னான். இன்றைக்கே அட்வான்ஸ் கொடுத்துவிடலாம் என்று இருவரும் இறங்கத் தயாரானார்கள்.

தியாகு அவர்களுக்கு முன்னால் படியில் இறங்கி ஓடினான். வீட்டில் இருந்த கோலத்தில், அதாவது இரண்டாம் நிலைப் பனியனில்.

அனசூயம்மா மோடாவில் உட்கார்ந்திருந்தார். அவருடைய சொந்த நாற்காலிகளின் மேல் எல்லாம் சாமான். காலி செய்யப் போவதில்லை ஆண்ட்டி என்று தியாகு மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். அவர் கண் கலங்கிவிட்டது. கல்யாணத்துக்கு மகன் வந்தாலும் நான்கு நாள் தங்கிவிட்டுப் புனே திரும்பிவிடுவான், உங்கள் பெண்சாதி வந்து கேட்டபோதே தேவையில்லை என்று சொன்னேனே, பிறகும் தினமும் சாமானைக் கொண்டுவந்து தள்ளினால் நான் என்ன நினைப்பது, என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் கிளம்புகிறீர்கள் என்றுதானே நினைப்பேன் என்று கேட்டார். போர்டு எழுதும்போது அழுததாகவும் சொன்னார்.

அதற்குள் சுமதியும் அக்ஷதாவும் வந்து பின்னால் நின்றார்கள். வீடு பார்க்க வந்தவர்களும் படியில் நின்றார்கள். சுமதிக்குத் தெலுங்கில் பாதி புரிந்தது. புரியாத பாதியில்தான் விஷயம் இருந்தது.

"ஆண்ட்டிதானுங்களே அவசரம் லேதுன்னாங்க," என்றாள் அவள். "அதனாலதானுங்க நிதானமாக் காலி பண்ணீட்டு இருந்தேன்."

அக்ஷதா அப்பாவைப் பார்த்தாள். பை கைக்கு வந்தாயிற்று. கடையில் பில் போட்டாயிற்று. இனி உடன்படிக்கையால் அவளுக்கு லாபம் ஒன்றுமில்லை.

"அம்மா, தெலுங்குல அவசரம்னா நீட். நோ நீட் டு வெக்கேட்னு சொன்னாங்க," என்றாள். கொஞ்சம் யோசித்து, "அப்பா நோஸ் இட்," என்று முடித்தாள்.

சுமதி தியாகுவைப் பார்த்தாள். தியாகு வாசல் மாவிலைத் தோரணத்தைப் பார்த்தான். அவள் கத்தினால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. அவள் கத்தவில்லை. அவள் மனசு வேறு எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. பின்னோக்கி ஓடியது. தலையணை உறை, கால்மிதி, மோடா, கடிதப் பை, ஒவ்வொன்றுக்கும் முன்னால் அனசூயம்மா சொன்ன இரண்டு வார்த்தை எல்லாம் வரிசையாக எழுந்து வேறு அர்த்தத்தோடு உட்கார்ந்தன. அவள் முகம் சிவந்தது. இத்தனை நாள் வேண்டாம் வேண்டாம் என்ற வீட்டுக்குள் சிரித்துக்கொண்டு சாமானைச் சுமந்து வந்திருக்கிறாள். எங்காவது உட்கார வேண்டும்போல இருந்தது. உட்கார இடமில்லை, எல்லாம் அவள் கொடுத்தது.

அனசூயம்மாவுக்கு மொழி புரியாவிட்டாலும் முகம் புரிந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழுந்தார். சுமதியின் கையைப் பிடித்துக் குளியலறை வாசலுக்குக் கூட்டிப்போனார். அங்கே அவள் பின்னிய கால்மிதி கிடந்தது. பனியன் கீற்றுகளை மூன்று மூன்றாகச் சடை போட்டு வட்டமாகச் சுற்றித் தைத்தது. ஈரத்தில் வழுக்காது. அது வந்த பிறகுதான் பயமில்லாமல் குளிக்கப் போகிறேன் என்று அவர் சைகையிலேயே காட்டினார்.

"அதி மாத்ரம் அவசரம்," என்றார், மிதியைத் தொட்டுக் காட்டி.

சுமதி திரும்பி, அன்று முதல்முறையாக தியாகுவிடம் பேசினாள். "இது மட்டும் என்னுங்க? வேணுங்கறாங்களா, சீக்கிரம் எடுத்துட்டுப் போங்கறாங்களா?"

"வேணுமாம்," என்றான் தியாகு.

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தாள். அனசூயம்மாவும் சிரித்தார். வீடு பார்க்க வந்த பெண், அப்படியானால் பால்கனி கிடைக்காதா என்று புரோக்கரிடம் கேட்டாள். புரோக்கர் ஏ.எஸ்.ராவ் நகரில் இதைவிட நல்ல பால்கனி ஒன்று இருப்பதாகச் சொல்லி அவர்களை அழைத்துக்கொண்டு போனார்.

அனசூயம்மா ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். வீடு உங்களுடையது, எத்தனை வருஷம் வேண்டுமானாலும் இருங்கள். கால்மிதி எனக்கு. மற்றதெல்லாம் மேலே.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க தியாகு படியேறினான். யார் சுமப்பது என்பது பற்றி வீட்டில் விவாதமே நடக்கவில்லை. வாளிகள் ஏறின. சூட்கேஸ் ஏறியது, சக்கரங்கள் தனியே ஏறின. கொடுக்கும்போது ஒவ்வொன்றாகப் போனதால் தெரியவில்லை, திரும்பும்போது மொத்தமாகத் தெரிந்தது. போதாததற்கு, சுமதியின் கைத்திறனை நேரில் புரிந்துகொண்ட அனசூயம்மா, தன் வீட்டுப் பரணில் கிடந்த இரண்டு ஓட்டை அண்டாவையும், நின்றுபோன சுவர்க் கடிகாரத்தையும், யோகேஷ் சின்ன வயதில் ஓட்டிய மூன்று சக்கர சைக்கிளையும் சேர்த்துக் கொடுத்தார். அவற்றைப் பார்த்ததும் சுமதியின் கண்கள் விரிந்தன. எதற்காவது ஆகும்.

சாயங்காலம் பால்கனி பழைய நிலைமைக்கு வந்திருந்தது. புறா ஒருமுறை வந்து பார்த்துவிட்டு உட்கார இடமில்லாமல் போய்விட்டது. புது நாற்காலி எங்கே என்று தியாகு தேடினான். சுவரோரத்தில் அடியில் இருந்தது. அதன் மேல் அண்டா, அண்டாவுக்குள் குடைகள், அதற்கும் மேல் டேபிள் ஃபேன். கை வைத்த நாற்காலியானதால் சாமான் சரியாமல் நிற்கிறது என்று சுமதி திருப்தியாகச் சொன்னாள். புதிதாக இருக்கும்போதே இன்னொரு வேலைக்கு மாற்றலான பொருள் அந்த வீட்டில் அது ஒன்றுதான்.

அன்று முதல் அவளிடம் ஒரு மாற்றம் தெரிந்தது. அவனோடு சண்டை போடவில்லை. அந்த விஷயத்தைப் பேசவே இல்லை. அனசூயம்மாவிடம் தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்து தெலுங்கு கற்றுக்கொண்டாள். வேகமாகவே வந்தது.

கொஞ்ச நாள் கழித்துத் தியாகு இரண்டாம் நிலைப் பனியனைக் கழற்றி, விரலை விட்டால் அந்தப் பக்கம் வரும் ஓட்டையை அவளிடம் காட்டி, பனியன் எடுத்து ரொம்ப நாளாகிறதே, நான்கு வாங்கட்டுமா என்று கேட்டான். அப்படியே, பேச்சோடு பேச்சாக, அந்தப் பால்கனியையும் ஒருநாள் கொஞ்சம் ஒழித்தால் என்ன என்றும் கேட்டு வைத்தான்.

சுமதி வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து, மிகவும் அன்பாக அவனைப் பார்த்தாள்.

"அவசரமில்லீங்க," என்றாள்.

தியாகு பனியனைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான். அவள் அதைத் தமிழில் சொன்னாளா, தெலுங்கில் சொன்னாளா என்று அவனுக்குக் கடைசிவரை விளங்கவில்லை.